அப்டேட் போட்ட பிறகு கம்ப்யூட்டர் எழவில்லையா? ஃபார்மேட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திர அப்டேட்டை வெளியிடுவது ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு. நம் ஊர்க் கணக்கில் அது செவ்வாய் இரவு 10.30, நவம்பர் முதல் பிப்ரவரி வரை 11.30. அதனால்தான் புதன், வியாழன் காலையில் மதுரையில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையிலோ டிடிபி சென்டரிலோ ஷட்டரைத் தூக்கிவிட்டு கம்ப்யூட்டரைப் போட்டால், வழக்கமான படம் வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும் புள்ளிகளோ நீலத் திரையோ வந்து நிற்கிறது. வாசலில் ஆதார் நகல் எடுக்க ஆள் காத்திருப்பார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபார்மேட் போட்டுடுங்கண்ணே, சரியாயிடும்" என்பார்.

ஃபார்மேட் என்றால் டிஸ்க்கில் இருப்பதைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. தயவுசெய்து அதை மட்டும் முதலில் செய்யாதீர்கள். அப்டேட் கை வைப்பது விண்டோஸின் சொந்த ஃபைல்களிலும், பிரின்டர், டிஸ்ப்ளே போன்ற பாகங்களை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேர்களிலும்தான். உங்கள் கல்யாணப் பத்திரிகை டிசைன், டாலி கணக்கு, பிள்ளையின் ப்ராஜெக்ட், போட்டோக்கள் எல்லாம் அதே டிஸ்க்கில் அநேகமாக அப்படியே இருக்கும். கதவு சிக்கிக்கொண்டதற்காக வீட்டை இடிக்க வேண்டாம். எதையும் மாற்றாத வேலைகளை முதலில் செய்வது, மாற்றினாலும் திரும்ப வரக்கூடியதை அடுத்துச் செய்வது, திரும்ப வரவே முடியாததைக் கடைசிக்குத் தள்ளுவது. கீழே சொல்வதெல்லாம் இந்த வரிசையில்தான். புதிதாகக் கம்ப்யூட்டர் பழகுகிறவர்களும் செய்யலாம். பக்கத்தில் ஒரு போனும், முடிந்தால் ஒரு பென் டிரைவும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜமாகவே நின்றுவிட்டதா?

அப்டேட் ஓடும்போது 30 சதவீதம் என்று காட்டிவிட்டு அரை மணி நேரம் அசையாமல் இருப்பது சாதாரணம். எஸ்எஸ்டி உள்ள மெஷினில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிகிற வேலை, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு மணி நேரத்தைத் தாண்டும், வருஷத்துக்கு ஒரு முறை வரும் பெரிய அப்டேட் என்றால் இன்னும் கூடும். சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், கேபினட்டின் முன்பக்கம் இருக்கும் சின்ன விளக்கைப் பாருங்கள். அது விட்டுவிட்டு மின்னினால் உள்ளே வேலை நடக்கிறது. லேப்டாப்பில் அந்த விளக்கு இல்லையென்றால் அடியில் கை வைத்துப் பாருங்கள், சூடும் ஃபேன் சத்தமும் இருந்தால் காத்திருக்கலாம். 'அன்டூயிங் சேஞ்சஸ்' என்று வந்தாலும் பயப்பட வேண்டாம். போட முடியாத அப்டேட்டை விண்டோஸ் தானே பிரித்து எடுக்கிறது என்று அர்த்தம். அது முடியும் வரை விடுங்கள்.

இரண்டு மூன்று மணி நேரமாகியும் விளக்கு மின்னவே இல்லை, திரையும் மாறவில்லை என்றால் மட்டும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள்.

இந்த இடத்தில் கரண்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம் பக்கம் அப்டேட் கெடுவதற்கு அப்டேட்டே காரணமாக இருப்பதைவிட, நடுவில் கரண்ட் போவது காரணமாக இருப்பதை அதிகம் பார்க்கிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்காக ஈபி லைனை நிறுத்தும் நாள் முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடுகிறது, அந்த நாள் காலையில் அப்டேட்டைத் தொடங்கவே வேண்டாம். யூபிஎஸ் இருந்தாலும் அதன் பேட்டரி பழசானால் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. லேப்டாப் என்றால் சார்ஜரைப் போட்டபடி விடுங்கள், அப்டேட் முடியும் வரை மூடியை மூடாதீர்கள்.

எந்தப் படியில் நிற்கிறது?

"ஆன் ஆகலைங்க" என்று எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள், ஆனால் அதற்குள் நாலைந்து வேறுவேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு உதவாது. அதனால் அணைத்து, மறுபடி ஆன் செய்து, திரையில் வருவதை முதல் விநாடியிலிருந்து போனில் வீடியோ எடுங்கள். சில நீலத் திரைகள் கண் சிமிட்டும் நேரத்தில் மறைந்துவிடும், வீடியோவில் நிறுத்திப் படித்துக்கொள்ளலாம்.

தயாரித்த கம்பெனியின் லோகோவே வரவில்லை, திரை கருப்பாகவே இருக்கிறது, ஃபேன் மட்டும் சுற்றுகிறது, அல்லது பீப் சத்தம் வருகிறது என்றால் அது பெரும்பாலும் விண்டோஸ் பிரச்சினையே இல்லை. டெஸ்க்டாப் என்றால் பவர் கார்டைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, மெமரி பட்டையான ராமை (RAM) கழற்றி, அதன் பொன்னிறக் கம்பிகளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டு மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். நம் ஊர்த் தூசிக்கு இது நிறைய வேலை செய்கிறது. நாள் கணக்கில் அணைக்காமல் ஓடிய மெஷின் அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆகும்போதுதான் இந்தக் கோளாறு வெளியே தெரியும், பழி அப்டேட் மேல் விழும்.

லோகோ வந்து, அதற்குப் பிறகு வட்டமாகப் புள்ளிகள் சுற்றி நிற்கிறது, அல்லது 'ஸ்டாப் கோட்' (stop code) என்று பிழையின் பெயர் போட்ட திரை வருகிறது என்றால் அது விண்டோஸ் பக்கத்துக் கோளாறு. இந்தத் திரை விண்டோஸ் 11-இல் 2025 முதல் நீலத்திலிருந்து கருப்புக்கு மாறிவிட்டது, நீலத் திரையில் இருந்த சோக முகமும் கிடையாது, ஆகவே கருப்பில் எழுத்து வந்தால் புதிய நோய் என்று நினைக்க வேண்டாம். லோகோவுக்குப் பிறகு 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தால் டிஸ்க்கே தெரியவில்லை, அதைக் கீழே பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும், மதர்போர்டின் சொந்த செட்டிங் திரை) பகுதியில் பார்ப்போம். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனபின் கருப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் நிற்கிறது என்றால் அதிர்ஷ்டம், விண்டோஸ் எழுந்துவிட்டது, படம் மட்டும்தான் வரவில்லை. விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள், டிஸ்ப்ளே டிரைவர் புதிதாகத் தொடங்கும். அப்படியும் வரவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'ரன் நியூ டாஸ்க்' கொடுத்து எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். டெஸ்க்டாப் வந்துவிட வாய்ப்பு அதிகம்.

எந்தக் கோளாறாக இருந்தாலும், அடுத்த படிக்குப் போவதற்கு முன் கீபோர்டு, மவுஸ், மானிட்டர் தவிர எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிரின்டர், பென் டிரைவ், கைரேகை வைக்கும் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், வைஃபை டாங்கிள், எல்லாமே. லேப்டாப்பில் சார்ஜரையும் கழற்றிவிட்டு பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்து, அப்புறம் சார்ஜரைப் போட்டு ஆன் செய்யுங்கள். இது எதையும் மாற்றாத வேலை, செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை.

48 இலக்கக் கீ கேட்டால்

நீலத் திரையில் பிட்லாக்கர் என்று எழுதி, ரெக்கவரி கீ கேட்கும் கட்டம் வந்தால் மனசைத் தளர விடாதீர்கள், கண்டபடி எண்ணையும் அடிக்காதீர்கள். உங்கள் டிஸ்க் பூட்டுப் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. பூட்டைக் காக்கும் சிப், அப்டேட்டுக்குப் பிறகு ஏதோ மாறியிருப்பதாகச் சந்தேகப்பட்டு அடையாளம் கேட்கிறது. 2024 ஜூலையிலும் 2025 மே மாதத்திலும் வந்த அப்டேட்டுகளுக்குப் பிறகு சில மெஷின்களில் தேவையில்லாமலே இப்படிக் கேட்டதை மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டு திருத்தியது. பலருக்குத் தங்கள் லேப்டாப்பில் பூட்டு இருப்பதே தெரியாது. இப்போது விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே பெரும்பாலான லேப்டாப்பில் அது தானாகப் போட்டுக்கொள்கிறது.

சாவி அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். போனில் பிரவுசரைத் திறந்து அந்தக் கணக்கில் நுழைந்து, 'டிவைசஸ்' பக்கத்தில் உங்கள் லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தால் ரெக்கவரி கீ என்று ஒரு பகுதி இருக்கும். திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தும், கணக்கில் உள்ள கீ ஐடியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட கீ இருந்தால் இது முக்கியம். அப்புறம் 48 இலக்கத்தையும் நிதானமாக அடியுங்கள்.

எந்தக் கணக்கு என்பதில்தான் நம் வீடுகளில் குழப்பம். மேலூர்ப் பக்கத்திலிருந்து கல்லூரிக்கு வரும் ஒரு பெண், தன் மெயிலில் எவ்வளவு தேடியும் கீ இல்லை என்று கலங்கிப்போய் வந்தது. "லேப்டாப் வாங்கினப்ப முதல்ல யாரும்மா செட் பண்ணிக் கொடுத்தது?" என்று கேட்டேன். "மாமா பையன்ணே, இப்ப சிங்கப்பூர்ல இருக்காரு." அங்கேயே போன் போட்டோம். அவர் தன் பழைய மெயிலில் நுழைந்து பார்த்தார், அத்தை மகளின் லேப்டாப் பெயர் அவர் கணக்கில்தான் இருந்தது. எண்களை அவர் ஆறு ஆறாகப் படிக்க இங்கே அடிக்க அடிக்க, செமஸ்டர் ப்ராஜெக்ட் முழுசாக வந்துவிட்டது. அந்தப் பெண் ஏற்கெனவே ஒரு இடத்தில் ஃபார்மேட்டுக்கு ஒப்புக்கொண்டு வந்திருந்தது. ஆகவே, வாங்கிய கடைக்காரர், அண்ணன், ஆபீஸ் ஐடி ஆள், முதல் நாள் அந்த லேப்டாப்பைத் தொட்ட எல்லாரையும் கேளுங்கள். ஆனால் ஒன்று, கீ எங்குமே கிடைக்காவிட்டால் அந்த டிஸ்க்கைத் திறந்து தருகிறேன் என்று யார் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். அந்தப் பூட்டைக் கடையில் உட்கார்ந்து உடைக்க முடியாது.

மீட்புத் திரைக்குப் போவது

விண்டோஸுக்குள்ளேயே சின்னதாக ஒரு மீட்பு விண்டோஸ் ஒளிந்திருக்கிறது. பாஸ்வேர்டு கேட்கும் திரை வரை வந்தால், ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே பவர் படத்தில் ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்குள் போகலாம். அதுவரைகூட வரவில்லையென்றால், ஆன் செய்து, புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால், அடுத்த முறை விண்டோஸ் தானே 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று சொல்லி மீட்புத் திரையைத் திறக்கும். அப்டேட் சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

அதுவும் நடக்கவில்லையென்றால், வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி 8 ஜிபி பென் டிரைவில் இன்ஸ்டால் டிஸ்க் தயார் செய்யுங்கள். அந்தப் பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும், காலியானதை எடுங்கள். அதிலிருந்து பூட் செய்து, அதாவது கம்ப்யூட்டரை அந்தப் பென் டிரைவிலிருந்தே எழ வைத்து, 'இன்ஸ்டால்' என்பதைத் தொடாமல் ரிப்பேர் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் அதே மீட்புத் திரைக்கு வரலாம்.

மீட்புத் திரையில் மவுஸும் கீபோர்டும் செத்துக் கிடந்தால் அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 2025 அக்டோபர் 14-இல் வந்த விண்டோஸ் 11 அப்டேட், மீட்புத் திரையில் மட்டும் யூஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் வேலை செய்யவிடாமல் செய்துவிட்டது. ஆறு நாளில் தனியாக ஒரு திருத்தம் விட்டார்கள். அந்தத் திருத்தம் ஏறாத மெஷினில், உருண்டை முனை உள்ள பழைய பிஎஸ்2 கீபோர்டு வேலை செய்யும், தொடுதிரை வேலை செய்யும், பென் டிரைவிலிருந்து பூட் செய்தாலும் ஆகும். பழைய டெஸ்க்டாப்பில் அந்த உருண்டைத் துளை இருக்கும், பரணில் கிடக்கும் கீபோர்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

உள்ளே போனதும் 'ட்ரபிள்ஷூட்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. முதலில் 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்' கொடுத்துப் பாருங்கள், எழும் பாதையில் சின்னச் சிக்கல் இருந்தால் அதுவே சரி செய்துவிடும், உங்கள் ஃபைல்களைத் தொடாது. பலிக்காவிட்டால் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. நம் விஷயத்துக்கு நேரடி மருந்து இதுதான். இங்கே இரண்டு பட்டன் இருக்கும். 'குவாலிட்டி அப்டேட்' என்பது மாதாமாதம் வருவது. 'ஃபீச்சர் அப்டேட்' என்பது விண்டோஸின் பதிப்பையே மாற்றும் பெரியது, அதைப் பின்வாங்க வழக்கமாக 10 நாள்தான் அவகாசம், அதற்குப் பிறகு பழைய பதிப்பை விண்டோஸ் அழித்துவிடும். நேற்று ராத்திரி வந்தது எது என்று தெரியாவிட்டால் முதலில் குவாலிட்டியை எடுத்துப் பாருங்கள்.

அதுவும் முடியாது என்று சொன்னால் 'சிஸ்டம் ரீஸ்டோர்'. இது எல்லா மெஷினிலும் ஆன் செய்யப்பட்டிருக்காது. இருந்தால், அப்டேட்டுக்கு முந்தைய தேதியைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட சாஃப்ட்வேர்கள் போகும், டாகுமெண்ட்கள் இருக்கும்.

சேஃப் மோடு

மேலே சொன்ன எதற்கும் மசியவில்லையென்றால், அதே 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்' போய் ரீஸ்டார்ட் கொடுத்து, பட்டியல் வந்ததும் 4 அழுத்துங்கள். இன்டர்நெட்டும் வேண்டுமென்றால் 5. படம் பெரிது பெரிதாக, நான்கு மூலையிலும் சேஃப் மோடு என்ற எழுத்தோடு வந்தால் நல்ல செய்தி. விண்டோஸின் அடிப்படை நன்றாக இருக்கிறது, மேலே ஏற்றிய ஏதோ ஒன்றுதான் வழி மறிக்கிறது.

என் அனுபவத்தில் அது பெரும்பாலும் டிஸ்ப்ளே டிரைவர், அல்லது இரண்டாவதாகப் போட்ட ஆன்டிவைரஸ். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து, டிரைவர் பகுதியில் 'ரோல் பேக்' இருந்தால் அழுத்துங்கள். ஆன்டிவைரஸ் என்றால் அதை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் தானே பொறுப்பேற்றுக்கொள்ளும். 2024 ஜூலை 19-ஐ நினைவிருக்கும், கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க விமான நிலையங்கள் வரை கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள். அதற்கான தீர்வு சேஃப் மோடில் நுழைந்து ஒரே ஒரு ஃபைலை அழிப்பது. அவ்வளவு பெரிய விபத்துக்கே ஃபார்மேட் தேவைப்படவில்லை.

சேஃப் மோடில் இருக்கும்போதே இன்னொரு வேலை. கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் ஜன்னலான கமாண்ட் ப்ராம்ப்ட்டை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்து, ஆங்கிலத்தில் எஸ் எஃப் சி, ஒரு இடைவெளி, முன்சாய்கோடு, அதையொட்டி ஸ்கேன்நவ் என்று அடித்து என்டர் தட்டுங்கள். கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்களைத் தேடி மாற்றும், நூறு சதவீதம் வரும் வரை ஜன்னலை மூடாதீர்கள்.

மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறேன் என்று சொல்லி ரீஸ்டார்ட், மறுபடி அதே, மறுபடி ரீஸ்டார்ட் என்று சுற்றில் மாட்டிக்கொண்ட மெஷினுக்குச் சேஃப் மோடு கிடைக்காது. அதற்கு மீட்புத் திரையின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஒரு கட்டளை இருக்கிறது: டிஐஎஸ்எம், இடைவெளி, முன்சாய்கோடு இமேஜ், முக்காற்புள்ளி, சி, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, இடைவெளி, முன்சாய்கோடு க்ளீன்அப், சிறுகோடு, இமேஜ், இடைவெளி, முன்சாய்கோடு ரிவர்ட்பெண்டிங்ஆக்ஷன்ஸ். எல்லாம் ஆங்கில எழுத்தில், கடைசி வார்த்தை மூன்றும் இடைவெளியில்லாமல் ஒட்டி. பாதியில் நிற்கும் அப்டேட்டை இது ரத்து செய்யும். மீட்புத் திரையில் சி என்பது சில சமயம் டி, ஈ என்று மாறியிருக்கும், அதைக் கண்டுபிடிக்கும் வழி அடுத்த பகுதியிலேயே வருகிறது.

ஃபைல்களை வெளியே எடுக்கும் வழி

இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மீட்புத் திரையின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள், சாதாரண நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓபன். கீழே ஃபைல் வகை 'டெக்ஸ்ட்' என்று இருக்கும், அதை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் போல்டர்கள் காலியாகத் தெரிந்து வயிறு கலங்கும். இப்போது இடப்பக்கம் 'திஸ் பிசி'யைத் திறந்தால் எல்லா டிரைவும் தெரியும். விண்டோஸ், யூசர்ஸ் என்ற போல்டர்கள் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதுதான் உங்கள் நிஜமான சி டிரைவ். யூசர்ஸுக்குள் உங்கள் பெயர், அதற்குள் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ். வேண்டியதை வலது கிளிக் செய்து காப்பி கொடுத்து, பென் டிரைவுக்குப் போய்ப் பேஸ்ட் கொடுங்கள். எத்தனை சதவீதம் ஆச்சு என்று எதுவும் காட்டாது, ஜன்னல் உறைந்த மாதிரி இருக்கும். பென் டிரைவின் விளக்கு மின்னி முடியும் வரை காத்திருந்து, பேஸ்ட் ஆன போல்டரைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் இருந்தால் கமாண்ட் ப்ராம்ப்ட் திறக்கும்போதே கீ கேட்கும்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்ற சத்தம் வந்தால், அல்லது எல்லாமே ஆமை வேகத்தில் நகர்ந்தால், காப்பி எடுக்கும் வரை வேறு எந்த ரிப்பேரும் செய்யாதீர்கள். டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை நிறையப் பேர் முதலிலேயே கொடுக்கச் சொல்கிறார்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது மூலை முடுக்கெல்லாம் படிக்க வைத்து இன்னும் சீக்கிரம் முடித்துவிடலாம். காப்பி எடுத்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சோதியுங்கள்.

பயாஸும் ஒரு சின்ன பேட்டரியும்

திருமங்கலத்தில் ஒரு டிடிபி கடை. ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்து கிடக்கும் நேரத்தில், அப்டேட்டுக்கு ரீஸ்டார்ட் ஆன டெஸ்க்டாப் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நின்றது. பயாஸுக்குள் போனதும் நான் முதலில் பார்த்தது மூலையில் இருந்த தேதியை. பல வருஷம் பின்னால் போயிருந்தது. மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டதால், பயாஸ் தன் செட்டிங்குகளை மறந்து பழைய நிலைக்குப் போய்விட்டது. அதில் டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடும் மாறியிருந்தது. விண்டோஸ் ஏஹெச்சிஐ முறையில் போடப்பட்டது, பயாஸ் இப்போது வேறு முறையில் டிஸ்க்கைக் காட்டுகிறது, அதனால் விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கே தெரியவில்லை. வாட்ச் கடையில் புது பேட்டரி வாங்கிப் போட்டு, மோடைத் திரும்ப ஏஹெச்சிஐ ஆக்கியதும் ஒரு குறையும் இல்லாமல் எழுந்தது. அப்டேட் செய்த ஒரே விஷயம் ரீஸ்டார்ட் ஆனதுதான்.

பயாஸுக்குள் போக, ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள், சில மெஷினில் எஃப்10. தேதி சரியா, டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா, பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் இருக்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். டிஸ்க் பெயரே இல்லையென்றால் கேபிள் தளர்ந்திருக்கலாம் அல்லது டிஸ்க் போயிருக்கலாம். எதையாவது மாற்றுவதற்கு முன் அந்தத் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். செக்யூர் பூட் (நம்பகமான பூட் ஃபைல்களை மட்டும் ஓட விடும் காவல்), டிபிஎம் (பிட்லாக்கர் பூட்டைக் காக்கும் சிப்) இரண்டையும் கை போன போக்கில் மாற்றாதீர்கள், மாற்றினால் பிட்லாக்கர் கீ கேட்க ஆரம்பிக்கும்.

லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும், லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவும் வைத்திருக்கும் பொறியியல் மாணவர்கள் நிறையப் பேர். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் பக்கம் மட்டும் 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று சொல்லி நின்றது, பழைய பூட் ஃபைல்களை நம்ப வேண்டாம் என்று அந்த அப்டேட் மெஷினிடம் சொல்லிவிட்டதால். பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸில் நுழைந்து, அதன் அப்டேட்டுகளை எல்லாம் போட்டுவிட்டு மறுபடி செக்யூர் பூட்டை ஆன் செய்வதுதான் வழி. தொடுவதற்கு முன் பிட்லாக்கர் கீயைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உபுண்டுவே தன் அப்டேட்டுக்குப் பிறகு எழவில்லையென்றால் இன்னும் சுலபம். ஆன் ஆகும்போது எஸ்கேப் தட்டினால் எதை எழுப்புவது என்று கேட்கும் க்ரப் பட்டியல் வரும், 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே முந்தைய கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம்.

எழுந்த பிறகு

உடனே வேலையில் இறங்கிவிடாதீர்கள். முதலில் முக்கியமானதை எல்லாம் வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'பாஸ்' கொடுத்தால் ஐந்து வாரம் வரை அப்டேட்டை நிறுத்தி வைக்கலாம், அதற்குள் பெரும்பாலும் திருத்தம் வந்துவிடும். அதே பக்கத்தின் 'ஹிஸ்டரி'யில் கேபி என்று தொடங்கும் எண் இருக்கும், அதை எழுதி வைத்துக்கொண்டு தேடிப் பாருங்கள், உங்கள் மெஷினுக்கு மட்டும் வந்ததா எல்லாருக்குமா என்று தெரிந்துவிடும்.

இனி அப்டேட்டே வேண்டாம் என்று முழுக்க நிறுத்திவிடும் கடைகளைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகத்தைச் சுற்றி வந்தபோது, அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. கடையில் பணம், ஆதார், வங்கி வேலை நடக்கும் மெஷின் இன்னும் அதிலேயே ஓடினால் மாற்றும் திட்டம் போடுங்கள்.

எதற்குமே மசியவில்லையென்றால் மீட்புத் திரையில் 'ரீசெட் திஸ் பிசி', அதில் 'கீப் மை ஃபைல்ஸ்'. டாகுமெண்ட்கள் இருக்கும், ஆனால் நீங்கள் போட்ட சாஃப்ட்வேர் எல்லாம் போய்விடும், டாலி, கோரல், தமிழ் டைப்பிங், பழைய பிரின்டர் டிரைவர் எல்லாம் மறுபடி போட வேண்டும், அதற்கான ஃபைல்களும் லைசன்ஸ் எண்ணும் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஃபைல் இருக்கும் என்று அது சொன்னாலும் காப்பி எடுக்காமல் அழுத்தாதீர்கள்.

டவுன்ஹால் ரோட்டிலோ உங்கள் ஊரிலோ கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றால், "ஆன் ஆகலை" என்று மட்டும் சொல்லாமல், எடுத்த வீடியோவைக் காட்டுங்கள், இதுவரை என்னென்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு மெஷினில் மாட்டி டேட்டாவைக் காப்பி எடுத்துத் தரச் சொல்லுங்கள். பிட்லாக்கர் போட்ட டிஸ்க் என்றால் அங்கேயும் அந்த 48 இலக்கக் கீ வேண்டும், அதைக் கொண்டுபோங்கள். காப்பி எடுத்த போல்டரை நீங்களே திறந்து, நாலைந்து ஃபைலை ஓட்டிப் பார்த்த பிறகு மட்டும் ஃபார்மேட்டுக்குச் சரி சொல்லுங்கள். 'காப்பியைக் காட்டிய பிறகுதான் ஃபார்மேட்' என்று ஜாப் கார்டிலும் எழுதி வாங்குங்கள்.